எட்டு முழ வேட்டியும் கையடக்கப் புரொஜெக்டரும்: மொட்டைமாடிக் காட்சிக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளைகளுக்காக மொட்டைமாடியில் படம் போடுகிறோம். அதற்குப் பயன்படுவது, பள்ளிப் பையில் அடங்கிவிடும் சிறிய எல்.இ.டி. புரொஜெக்டர் ஒன்று. அதன் வெளிச்சம் 300 ஆன்சி லூமென் (லூமென் என்பது ஒளியை அளக்கும் அலகு). உள்ளேயே பேட்டரியும் ஒரு சிறு ஸ்பீக்கரும் உண்டு. இத்தகைய கருவியை முதன்முறையாக வாங்கியவர்கள் அதை எப்படி வைப்பது, எப்படி இயக்குவது, எங்கெங்கே தடுமாற நேரும் என்பதை இந்தக் கட்டுரை முறையாகச் சொல்கிறது. மாடிக்குச் சொல்லும் பெரும்பாலானவை வீட்டுக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் பொருந்தும்.

கருவியைத் தொடுவதற்கு முன்பே மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தக் கருவி தரும் ஒளி ஓர் உழக்கு எண்ணெய் போன்றது. அளவு அவ்வளவுதான், அதை எத்தனை பெரிய திரையில் பரப்புகிறோம், அதனோடு எத்தனை வெளிவிளக்கைக் கலக்க விடுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கருவியின் மெனுப் பட்டியலில் இருக்கும் அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்த்தும் படம் வெளிறியே இருக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர், திரையின் அளவையும் சுற்றியுள்ள வெளிச்சத்தையும் கவனிக்காமல் விட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

ஒளிக் கணக்கு

பெட்டியின் மேல் 9,000 லூமென், 12,000 லூமென் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. திரையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து, சராசரி கண்டு, திரையின் பரப்பால் பெருக்கிச் சொல்லும் அளவே ஆன்சி லூமென். ஐ.எஸ்.ஓ. லூமென் என்று குறித்திருந்தாலும் ஏற்கலாம். இந்தச் சொற்கள் இல்லாமல் வெறும் லூமென் என்றோ எல்.இ.டி. லூமென் என்றோ போட்டிருந்தால், அந்த எண்ணை வைத்துக் கருவிகளை ஒப்பிட முடியாது.

இனி, அந்த ஒளியைத் திரையில் பங்கிட்டுப் பார்ப்போம். 80 அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை அளவு. பதினாறுக்கு ஒன்பது விகிதத்தில் அதன் அகலம் 1.77 மீட்டர், உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். 300 லூமென் அதில் விழும்போது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 170 லூமென், அதாவது 170 லக்ஸ் கிடைக்கும். அதே கருவியை 100 அங்குலத்துக்கு விரித்தால் 109 லக்ஸும், 120 அங்குலத்துக்கு விரித்தால் 75 லக்ஸை ஒட்டியும் மட்டுமே மிஞ்சும். மூலைக்கு மூலை அளவு இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே வெளிச்சம் நான்கில் ஒன்றாகிறது. பெரிய படம் போட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருப்பதுதான். ஆனால் 300 லூமென் கருவிக்கு 80 அங்குலமே நிறைவான அளவு என்பதும், நல்ல இருட்டில் 100 வரை போகலாம் என்பதும் என் முடிவு.

இந்தக் கணக்கின் மறுபாதி இருட்டு. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ அதுவே படத்தின் கறுப்பு. 100 அங்குலத் திரையில் 109 லக்ஸ் விழும் நிலையில், பக்கத்துத் தெருவிளக்கு அதே திரையில் 10 லக்ஸ் கொட்டினால், படத்தின் மிக வெளிச்சமான இடம் மிக இருண்ட இடத்தைப் போல் சுமார் பன்னிரண்டு மடங்குதான் இருக்கும். அந்தத் தெருவிளக்கை மறைத்து 1 லக்ஸாகக் குறைத்தால் அதுவே நூறு மடங்குக்கு மேல் போகிறது. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்தைப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் கருவியும் எளிதில் தராது. 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்ற திருச்சி ரயில்வே எழுத்தர் சாமிக்கண்ணு வின்சென்ட் காலம் தொட்டு, கீற்றுக் கொட்டகையில் மாலைக் காட்சியும் இரவுக் காட்சியும் மட்டும் நடத்திய டூரிங் டாக்கீஸ் காலம் வரை, இடம்விட்டு இடம் போகும் சினிமா இரவை நம்பியே வாழ்ந்தது. நம் கருவியும் அந்த வழியில் வந்ததே.

எனவே காட்சிக்கு முந்தைய நாள் இரவு, காட்சி தொடங்கவிருக்கும் அதே நேரத்தில் மாடிக்குப் போய்த் திரை கட்டப்போகும் இடத்தில் நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். எந்த விளக்கு நேராகக் கண்ணில் படுகிறதோ அது திரையிலும் படும். திரையின் முகத்தை அந்த விளக்குக்கு முதுகு காட்டும்படி திருப்புவதே பெரும்பாலும் போதுமான தீர்வு. நேரத்தைப் பொறுத்தவரை, சென்னையில் ஜூன் மாதத்தில் ஆறரை மணிக்குச் சற்றுப் பின்னரும், நவம்பர் இறுதியில் ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்னரும் சூரியன் மறைகிறது. மறைந்த பிறகும் இருபது, இருபத்தைந்து நிமிடங்கள் வரை வானில் வெளிச்சம் தங்கியிருக்கும். சூரியன் மறைந்து நாற்பது நிமிடம் கழித்துப் படத்தைத் தொடங்குவது என்று வைத்துக்கொண்டால் முதல் காட்சி வீணாகாது.

திரை

வெள்ளையடித்த சுவர் இருந்தால் வேறு திரை தேவையில்லை. பளபளப்பில்லாத சுண்ணாம்புச் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிதறடிப்பதால், பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் படம் நன்றாகத் தெரியும். எனாமல் பூசிய சுவரும், விளம்பரத் தட்டிக்கான ஃபிளெக்ஸின் மினுமினுப்பான முதுகுப்புறமும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டை உண்டாக்குவதால் அவ்வளவாக உகந்தவை அல்ல.

சுவர் கிடைக்காத இடத்தில் நாங்கள் எட்டு முழ வேட்டியைக் கட்டுகிறோம். கடையில் கிடைக்கும் எட்டு முழ வேட்டி சற்றேறக்குறைய 3.6 மீட்டர் நீளமும் 1.27 மீட்டர் அகலமும் கொண்டது. அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 1.8 மீட்டருக்கு 1.27 மீட்டர் என்ற அளவில் இரட்டைத் துணி கிடைக்கும். 80 அங்குலப் படம் அளவெடுத்துத் தைத்ததுபோல அதற்குள் அமர்ந்துவிடும். ஒற்றைத் துணியாகக் கட்டினால் ஒளியில் ஒரு பங்கு துணியைக் கடந்து பின்னால் போய்விடும் என்பதால் மடிப்பது அவசியம். கரை மெல்லியதாக இருக்கும் வேட்டியைத் தேர்ந்து, கஞ்சி போட்டு, சுருக்கமில்லாமல் இஸ்திரி செய்துகொள்ள வேண்டும். மடிப்பின் வழியே ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாம். நான்கு மூலைகளையும் இறுக்கமாகக் கட்டிய பிறகு அடிவிளிம்பில் ஒரு மூங்கில் கழியைக் கோத்துத் தொங்கவிட்டால் காற்றில் திரை படபடக்காது. 100 அங்குலம் வேண்டுமென்றால் இரண்டு வேட்டிகளை ஒட்டுப்போடத் தேவையில்லை; ஒரே வேட்டியை விரித்து, அதன் பின்னால் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கட்டினால் போதும். அந்த அளவுப் படத்தின் உயரம் 1.25 மீட்டர்தான் என்பதால் வேட்டியின் அகலத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும்.

எங்கே வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது

கருவியோடு வரும் குறிப்பேட்டில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 1.2 என்று போட்டிருந்தால், 1.77 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவியை 2.12 மீட்டரில், அதாவது ஏழு அடியில் வைக்க வேண்டும். 100 அங்குலத்துக்கு 2.66 மீட்டர், அதாவது ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சிறிய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான ஜூம் கிடையாது. பட்டியலில் ஜூம் என்று காட்டுவது படத்தைச் சுருக்கி, படத்தை உருவாக்கும் புள்ளிகளை (பிக்சல்) வீணாக்கும் ஏற்பாடே. ஆகவே அளவை மாற்ற வேண்டுமானால் கருவியை நகர்த்துவதே முறை. எண் தெரியாவிட்டால், சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் படத்தின் அகலத்தை டேப்பால் அளந்து, தூரத்தை அகலத்தால் வகுத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஏழு அடித் தூரம் என்றால் கருவி பார்வையாளர் நடுவிலேயே நிற்கும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் எழுந்து நடந்தால் நிழல் விழும். எங்கள் வழக்கப்படி, கருவிக்கும் திரைக்கும் இடையில் யாரையும் உட்கார வைக்காமல், இரு பக்கத்திலும் பாய் விரித்து, நடுவில் ஒரு பாதை போல விட்டுவிடுகிறோம். பாதை குறுகலாகத் தோன்றினாலும் படத்துக்கு ஆகும் இடம் அதுதான். வேறொரு வழியும் உண்டு: மெல்லிய ஒற்றை வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சி, அமைப்பில் பின்புற வீச்சு என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் இடவலம் மாறிச் சரியாகிவிடும். நிழல் தொல்லை நீங்கும். ஆனால் துணியின் ஊடாக லென்ஸ் ஒரு சுடர்ப் பொட்டாகத் தெரியும், வெளிச்சமும் குறையும்.

உயரத்தைத் தீர்மானிக்க ஒரு சோதனை போதும். கருவியைச் சமதளமான ஸ்டூலில், முன்பின் சாய்வில்லாமல், திரைக்கு நேர்செங்குத்தாக வைத்து இயக்குங்கள். சில கருவிகளில் படம் லென்ஸின் மட்டத்துக்கு மேலும் கீழும் சமமாக விழும். வேறு சிலவற்றில் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே முழுப்படமும் எழும். முதல் வகையாக இருந்தால் லென்ஸைத் திரையின் நடு உயரத்துக்கும், இரண்டாம் வகையாக இருந்தால் திரையின் அடிவிளிம்பு உயரத்துக்கும் கொண்டுவர வேண்டும். கேமரா ட்ரைபாட் இருந்தால் இது மிக எளிது. பல கருவிகளின் அடியில் அதற்கான திருகுத்துளை இருக்கும். ட்ரைபாட் இல்லாவிட்டால் ஸ்டூலின் மேல் தடித்த புத்தகங்களை அடுக்கலாம். ஆனால் கருவியின் அடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கீஸ்டோன் திருத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். கருவியைச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்று கீழே குறுகி விழும். கீஸ்டோன் அந்த அகன்ற பகுதியைச் செயற்கையாகச் சுருக்கி நீள்சதுரமாகக் காட்டுகிறது. சுருக்கும்போது சில புள்ளிகள் பயன்படாமல் அணைந்துவிடுவதால் கூர்மையும் வெளிச்சமும் சேர்ந்தே குறைகின்றன. கிடைத்த ஒளியின் ஒரு பகுதி சும்மா போகிறது. தமிழ் எழுத்துகளின் நுண்ணிய சுழிகள் மங்குவதில் அது முதலில் தெரியும். தானியங்கிக் கீஸ்டோன் வசதியிருந்தால் அதை நிறுத்திவிட்டு, கருவியை நகர்த்தியே படத்தை நேராக்க முயலுங்கள். கடைசியில் ஒரு விரற்கடை மிஞ்சினால் மட்டும் திருத்தத்தைக் கொஞ்சம் பயன்படுத்தலாம்.

ஃபோகஸை எழுத்தை வைத்தே சரிபார்க்க வேண்டும். முகங்களை வைத்துப் பார்த்தால் கண் ஏமாறும். நான் ஒரு வெள்ளைப் பக்கத்தில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ழ, ஞ, ணை, ஔ என்ற எழுத்துகளை அச்சிட்டுப் படமாக வைத்திருக்கிறேன். நடுவிலுள்ள எழுத்தைத் தெளிவாக்கி, பின்பு மூலைகளைப் பார்த்தால், இடப்பக்கம் தெளிந்து வலப்பக்கம் மங்கியிருக்கும்போது கருவி கோணலாக நிற்கிறது என்று உடனே விளங்கிவிடும். கருவி சூடேறியதும் லென்ஸ் சற்றே விரிந்து ஃபோகஸ் விலகுவது இயல்பு. அதனால் தொடங்கும்போது ஒரு முறையும், பதினைந்து நிமிடம் கழித்து ஒரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

படத்தைக் கொடுப்பது

கருவிக்குப் படத்தைக் கொடுக்கப் பல வழிகள் இருந்தாலும், பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் நான் நம்புவது பென் டிரைவ் ஒன்றைத்தான். வைஃபை துண்டிக்கலாம், கைபேசிக்கு அழைப்பு வரலாம், இடையில் விளம்பரம் ஓடலாம்; பென் டிரைவில் இவை எதுவும் இல்லை. எம்.பி.4 வடிவில், எச்.264 என்ற சுருக்க முறையில் அமைந்த காணொளிகள் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு அந்த வரம்பு இல்லை, ஆனால் உங்கள் கருவி அதைப் படிக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் இரண்டாவது காட்சியில் படம் ஓடியது, ஒலி வரவேயில்லை. கேபிளையும் ஸ்பீக்கரையும் அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், அந்தக் கோப்பின் ஒலி டி.டி.எஸ். வகையைச் சேர்ந்தது, கருவிக்கு அதைப் பிரித்தறியும் உரிமம் இல்லை என்பது புரிந்தது. டால்பி வகை ஒலியிலும் இதே நிலை நேரலாம். பிள்ளைகள் அன்று ஏமாந்து இறங்கிப் போனது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அதன் பிறகு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒலியை ஏ.ஏ.சி. வகைக்கு மாற்றி, அதே கருவியில் படத்தின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களையும் ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் மாடிக்குக் கொண்டுபோவதில்லை.

தமிழ் சப்டைட்டில் போடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சப்டைட்டில் அடங்கிய எஸ்.ஆர்.டி. கோப்பின் பெயரும் காணொளியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், கோப்பை யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் சேமித்திருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை முதலில் யுனிகோடுக்கு மாற்றாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகள் வரும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், மலிவான கருவிகளின் பிளேயர்கள் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டுவிடுவதுண்டு. சிலவற்றில் வெறும் கட்டங்களே தெரியும். சப்டைட்டிலைக் கணினியிலேயே காணொளியோடு சேர்த்துப் பதித்துவிடுவது இதற்கு உறுதியான தீர்வு. ஹேண்ட்பிரேக்கில் அந்த வசதியும் இருக்கிறது. எழுத்தின் அளவைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். இருபது அடித் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் படிக்கத் தெரிய வேண்டுமானால், எழுத்து இரண்டு அங்குல உயரமாவது இருக்க வேண்டும்; 80 அங்குலத் திரையில் அது படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு.

மடிக்கணினியிலிருந்து காட்டுவதென்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி, கருவியின் பட்டியலில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினி தானாகத் தூங்கிவிடாதபடியும் அறிவிப்புகள் மேலே வராதபடியும் மாற்றிவைக்க வேண்டும். கைபேசியை யு.எஸ்.பி.-சி கேபிளால் இணைத்தால் எல்லாக் கைபேசியிலும் படம் வருவதில்லை. அந்தத் துளை வழியே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதியுள்ள கைபேசியில் மட்டுமே வரும். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் அது இல்லை. கம்பியில்லாமல் திரையைப் பிரதிபலிக்கும் முறையில் ஓ.டி.டி. செயலிகள் பல, உரிமப் பாதுகாப்புக் காரணமாகப் படத்தைத் தடுத்துவிடும். ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் அது கருவியின் பழுது அல்ல.

ஒலி

கருவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஓர் அறைக்குப் போதும், மாடிக்குப் போதாது. வெளி ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்தால் ஒலி கால் நொடி வரை பிந்தி வரலாம். உதடு அசைந்த பிறகு சொல் கேட்பது சிறிது நேரத்திலேயே எரிச்சல் தரும். 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கேபிளில் அந்தத் தாமதம் இல்லை. ஸ்பீக்கரைக் கருவியின் பக்கத்தில் வைக்காமல் திரையின் அடியில் வையுங்கள். பேசுபவர் தெரியும் திசையிலிருந்தே குரல் வர வேண்டும். கேபிள் எட்டு, பத்து அடி நீளமாவது வேண்டும் என்பதை முன்னதாக நினைவில் கொள்ளவும். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை செய்கின்றன. ஏழே காலுக்குத் தொடங்கும் படம் பத்துக்குள் முடிகிறதா என்று கணக்குப் பார்த்தே படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

மின்சாரம்

உள்ளிருக்கும் பேட்டரி இரண்டரை மணி நேரம் வரும் என்று சொன்னால், அது பெரும்பாலும் சிக்கன நிலையில் வரும் நேரமே. பேட்டரியில் ஓடும்போது பல கருவிகள் வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. முழு 300 லூமென் வேண்டுமானால் மின்இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். பவர் பேங்க் கைகொடுக்குமா என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக அறுபதுக்குச் சற்று மேல் மிஞ்சும். கருவி 30 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரமும், 60 வாட் எடுத்தால் ஒரு மணி நேரமும் ஓடும். 65 வாட் கேட்கும் கருவிக்கு, 20 வோல்ட் தரும் பி.டி. (பவர் டெலிவரி) வகைப் பவர் பேங்க்தான் வேண்டும். 18 வாட் கைபேசிச் சார்ஜர் உதவாது. 65 வாட்டுக்கு 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவைப்படுவதால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சரியான சார்ஜர் இருந்தும் பழைய கேபிளால் கருவி பாதியில் அணைவதுண்டு. நம் படங்களுக்கு இடைவேளை என்ற ஒன்று இருப்பது இந்த வகையில் பெரிய உதவி. அந்தப் பதினைந்து நிமிடத்தில் கருவியை அணைத்துச் சார்ஜில் போட்டுவிடலாம்.

எக்ஸ்டென்ஷன் வயரை நடைபாதையின் குறுக்கே விடாமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி இழுத்து, கடக்க வேண்டிய இடத்தில் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். பிள்ளைகள் ஓடும் இடத்தில் தொங்கும் வயர் கருவியை மட்டுமன்றிப் பிள்ளையையும் விழச் செய்யும். தூறல் விழுந்தால் காத்திருந்து பார்க்காமல் முதலில் மெயினை அணைத்துவிட வேண்டும்.

வெப்பம், பூச்சி, கண்

சிறிய புரொஜெக்டர்கள் பொதுவாக 35 அல்லது 40 டிகிரி வரையிலான வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயில் காலத்தில் மாடித் தரை இரவு ஏழு மணிக்கும் கொதிப்பை விடாது. மாலையிலேயே தண்ணீர் தெளித்து, தரை காய்ந்த பிறகு, கருவியைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் வைத்து, காற்றுத் துளைகளைச் சுற்றி ஓர் அடியாவது வெளி விட வேண்டும். தலையணை, மெத்தை, மேசை விரிப்பு ஆகியவற்றின் மேல் வைத்தால் துளைகள் அடைபட்டுக் கருவி தானாக அணைந்துவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான மாடிக்கு நேரே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படரும். துடைக்காமல் பதினைந்து நிமிடம் பையிலேயே வைத்திருந்தால் சரியாகும்.

மழைக்காலத் தொடக்கத்தில், முதல் மழைக்கு மறுநாள் மாலை, ஈசல் கிளம்பும். இருட்டில் எரியும் ஒரே விளக்கு நம் லென்ஸ் என்பதால் அவை அதைத்தான் தேடி வரும். சிறகுகள் காற்றுத் துளைக்குள் சிக்கும். அத்தகைய நாளில், பார்வையாளரிடமிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, திரையில் வெளிச்சம் படாத மூலையில், ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் விளக்கு ஒன்றை எரியவிடுவது நம் பெரியவர்கள் செய்துவந்த உபாயம். பெரும்பகுதி அங்கே போய்விடும். ஈசல் மிகுதியாக இருந்தால் காட்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதே கருவிக்கு நல்லது.

சிறு குழந்தைகள் லென்ஸுக்குள் குனிந்து பார்க்க ஆசைப்படுவார்கள். அருகிலிருந்து நேராகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, பெரியவர் ஒருவரைக் கருவியின் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். அது எந்தக் காரணத்துக்காகவும் காலியாக விடக் கூடாத இடம்.

எந்தப் படத்தைப் போடுவது என்பதிலும் சட்டம் உண்டு. குடும்பத்தோடு வீட்டில் பார்ப்பது வேறு, ஊரைக் கூட்டிப் போடுவது வேறு. பொதுவில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஓ.டி.டி. சந்தா அதற்கு ஈடாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அந்தக் காலம் கடந்த பழைய படங்களும், பொதுத் திரையிடலுக்கு இசைவு தந்து இயக்குநர்களே வழங்கும் குறும்படங்களும் எங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கின்றன.

முடித்து வைப்பது

படம் முடிந்ததும் வயரைப் பிடுங்காமல், ரிமோட்டால் அணைத்து, விசிறி தானாக நிற்கும் வரை காத்திருங்கள். வெளிப்புறம் ஆறிய பிறகு லென்ஸ் மூடியைப் போட்டுப் பையில் வையுங்கள். லென்ஸில் தூசு இருந்தால் முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகே மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாக வெளிநோக்கித் துடைக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் படியும். வேட்டித் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். காற்று வடிகட்டி கழற்றக்கூடியதாக இருந்தால் மாதம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யலாம். படத்தில் நகராத கறும்புள்ளி ஒன்று தெரிந்து, லென்ஸைத் துடைத்தும் போகாவிட்டால், தூசு உள்ளே போய்விட்டது என்று பொருள். அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

அடுத்த காட்சிக்கு ஒரு மாதம் இருக்கிறது என்றால் பேட்டரியை முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ வைக்காமல், பாதி அளவில் வைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். காரில் விட்டுவிட வேண்டாம். காட்சிக்கு முந்தைய நாள் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். வேட்டியைப் பனியின் ஈரத்தோடு மடித்தால் கறை பிடிக்கும் என்பதால், அன்றிரவே கொடியில் காயப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் மாடிக் கதவைப் பூட்டுகிறோம்.